பாட்டுக் குழுவைத் தொடங்கியவர் காலமான பிறகு அதை நடத்துவது எப்படி?

செட்டிநாட்டுப் பக்கம் பழைய பாட்டெல்லாம் இப்போது போனில்தான் சேர்கிறது. பள்ளத்தூரில் ஓர் ஆயா தாலாட்டைப் பாடி வாய்ஸ் நோட்டாக அனுப்புவார். கோலாலம்பூரில் இருக்கும் பேத்தி அதைக் கேட்டுவிட்டு அடுத்த கண்ணி என்ன என்பாள். தேவகோட்டையிலிருந்து ஒருவர், "எங்க வீட்டுல இதை வேற மாதிரி பாடுவாங்க" என்று தன் தாயார் குரலைப் பதிந்து போடுவார். நலுங்கு, கும்மி, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும்போது காவடிக்காரர்கள் பாடுவது என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

இப்படிப்பட்ட வாட்ஸ்ஆப் குழுக்களைப் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் இழுத்துக்கொண்டு போவார். அவர் காலமானால் முதல் வாரம் அஞ்சலிச் செய்திகள் வரும். அடுத்து காலை வணக்கப் படங்கள். அப்புறம் ஒன்றுமே வராது. நூற்றுக்கணக்கான பேர் உள்ளே இருந்தும் குழு பேச்சில்லாமல் கிடக்கும்.

காரைக்குடியில் இப்படி ஒரு குழுவை, அதைத் தொடங்கிய அண்ணன் போன பிறகு நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் கைக்கும் அப்படி ஒரு குழு வந்திருந்தால் எதை முதலில் செய்வது, எதை ஆறப்போடுவது என்பதை இங்கே சொல்கிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்னொரு அண்ணனைத் தேடாதீர்கள். அவர் என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று தேடுங்கள்.

கேத வீட்டில் சொல்ல வேண்டியது

கேதம் கேட்கப் போன இடத்தில் பாஸ்வேர்ட் பேச்சை எடுக்க வேண்டாம், காரியம் முடியட்டும். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அன்றைக்கே சொல்லியாக வேண்டும். அவருடைய போனை யாரும் அழித்துவிடக் கூடாது. துக்கத்தில் இருக்கும் வீட்டில் இது மிகச் சுலபமாக நடந்துவிடும். பேரன் கேட்கிறான் என்று ரீசெட் செய்து கொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் இனி எதற்கு என்று சிம்மைக் கழற்றி வைத்துவிடுவார்கள். வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவரைத் தனியே அழைத்து இவ்வளவு சொன்னால் போதும்: "ஆத்தா, அப்பச்சி போனை அப்படியே வச்சிரு. ஊர்ப் பாட்டெல்லாம் அதுலதான் இருக்கு. சிம்மை எடுக்க வேண்டாம், ரீசார்ஜை நாங்க பார்த்துக்கிறோம்."

ரீசார்ஜை ஏன் சொல்கிறேன் என்றால், 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம். பிறகு அதே எண் வேறு யாருக்காவது போகும். குழுவின் எல்லாக் கணக்குகளுக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம். வாட்ஸ்ஆப்பும் 120 நாள் தொடப்படாத கணக்கை நீக்கிவிடும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்வது வழக்கமான விதி. சான்றிதழ் கைக்கு வந்ததும் வாரிசு ஒருவர் அந்த எண்ணைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. சிம் நிறுவனத்தின் கடையிலேயே செய்து தருவார்கள்.

அதே வாரத்தில் குழுவில் போட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. "போனில் இடமில்லை என்று பழைய ஆடியோவை யாரும் அழிக்க வேண்டாம்." வாட்ஸ்ஆப்பில் வந்து இறங்கிய பழைய பாட்டு நிறுவனத்தின் சர்வரில் காலம் முழுக்க இருக்காது. யார் போனில் இறங்கியதோ அங்கேதான் இருக்கும். கும்பிடும் கை படங்களுக்குப் பதிலாக, அவர் பேசிய அல்லது பாடிய ஒரு பதிவை ஆளுக்கொன்றாகப் போடச் சொல்லுங்கள். அது அஞ்சலியாகவும் இருக்கும், பின்னால் சேகரிப்புக்கும் உதவும்.

கணக்குகளைத் திறப்பது

காரியம் முடிந்து வீட்டார் சற்று ஆறிய பிறகு, குடும்பத்தில் ஒருவரோடு உட்காருங்கள். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். எதைத் தொட வேண்டும் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள். அவருடைய சொந்தச் செய்திகளும் அந்தப் போனில்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் உரிமை நமக்குக் கிடையாது.

வாட்ஸ்ஆப்பில் வேலை எளிது. அவர் போனிலிருந்தே மூன்று பேரை அட்மின் ஆக்கிவிடுங்கள். இருவர் உள்ளூரிலும் ஒருவர் வெளிநாட்டிலும் இருந்தால் நல்லது. அட்மின் ஒருவரும் இல்லாத நிலை வந்தால் வாட்ஸ்ஆப் தானாகவே ஓர் உறுப்பினரைப் பிடித்து அட்மின் ஆக்கிவிடும். அது யாராகவும் இருக்கலாம். குழுவில் எல்லாரையும் விசாரித்துத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் அப்படி நடக்க விடக் கூடாது.

ஃபேஸ்புக்கில் கவனம் தேவை. பாசத்தோடு யாராவது, "அவருடைய பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றச் சொல்லலாமே" என்பார்கள். அப்படி மாற்றிய கணக்கில் பிறகு யாரும் நுழைய முடியாது. குழுவுக்கென்று அவர் நடத்திய பக்கத்துக்கு அவர் ஒருவரே அட்மினாக இருந்தால், அந்தப் பக்கமும் நீக்கப்பட்டுவிடும். அதனால் முதலில் வேறு அட்மின்களைச் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு நினைவுப் பக்கம் கேளுங்கள்.

யூடியூப் சேனல் இருந்தால் அது அவருடைய சொந்த ஜிமெயிலோடு கட்டிப்போடப்பட்டதா, பலர் சேர்ந்து நடத்தக்கூடிய 'பிராண்ட் கணக்கா' என்று பாருங்கள். பிராண்ட் கணக்கானால் இன்னொருவரை உரிமையாளராகச் சேர்த்து, 7 நாள் கழித்து முதன்மை உரிமையாளராக மாற்றலாம். உள்ளே நுழையவே வழியில்லை என்றால் நெருங்கிய குடும்பத்தார் இறப்புச் சான்றிதழோடு கூகுளிடம் விண்ணப்பிக்கலாம். கூகுள் பாஸ்வேர்டைத் தராது, ஆனால் பரிசீலித்துக் கணக்கில் உள்ள கோப்புகளைத் தரக்கூடும். அந்தப் படிவத்தில் 'கணக்கை மூடு' என்றும் ஒரு வழி இருக்கும். வீட்டார் துக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் சேனலோடு எல்லாம் போய்விடும். விண்ணப்பிக்கும்போது பக்கத்திலேயே இருங்கள்.

காசு கட்டி வாங்கிய கூகுள் சேமிப்பிடம், இணைய முகவரி (டொமைன்) இரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய கார்டு முடங்கியதும் தானாகக் கட்டும் தொகை நின்றுவிடும். கெடு முடிந்த முகவரியைப் பழைய உரிமையாளர் மீட்கக் கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

பாட்டுகளை ஓரிடத்தில் சேர்ப்பது

அதிகம் உழைக்க வேண்டிய இடம் இதுதான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் புத்தகமும் பத்திரிகையும் நோட்டீசும் சேர்த்தவர் 1992-ல் காலமானார். அந்தச் சேகரிப்பு சிதறாமல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் சென்னைக்குப் போய், 1994-ல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம் என்றால், சேர்த்தவருக்குப் பிறகு வேறு சிலர் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள் என்பதே காரணம். நம் குழுவுக்கும் அந்த வேலை உண்டு, அளவு சிறியது, அவ்வளவே.

முதலில் அவர் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். போன், லேப்டாப், ஹார்ட் டிஸ்க் மட்டுமல்ல, கேசட் பெட்டிகளும் இருக்கும். காரைக்குடியில் பெரிய வீடுகள் பிரிக்கப்படும்போது சாமான்கள் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போவது வழக்கம். மரத்தூணுக்கும் பீங்கானுக்கும் விலை கிடைக்கும். கேசட்டுக்கு யாரும் விலை தரமாட்டார்கள், அதனால் அது குப்பைக்குப் போகும். அண்ணன் வீட்டுக் கேசட்டுகளை நீங்களே கேட்டு வாங்கி, என்னென்ன எடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுத்து எடுத்து வாருங்கள்.

கேசட்டை எடுத்ததும் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். மேல் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள், ஓட்டினால் பிளேயரின் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நன்றாக இருக்கும் கேசட்டை ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடத்ததைவிட மெல்லியது, இழுபட்டுவிடும், அதில் கூடுதல் பக்குவம் வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். குழுவில் பகிர்வதற்கு எம்பி3 போதும். சத்தத்தைச் சுத்தம் செய்வது, இரைச்சல் நீக்குவது எல்லாம் நகலில்தான், மூலத்தில் கை வைக்கக் கூடாது. ஆயா பாடும்போது பின்னால் கேட்கும் தொட்டில் கம்பியின் கிறீச்சும் அந்தப் பதிவில் இருக்க வேண்டியதே.

இசைத்தட்டு கிடைத்தால் இன்னும் கவனம். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வெளியிட்டவர். அந்தக் காலத்துத் தட்டுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அந்தத் தட்டுக்குத் தனி ஊசி வேண்டும். பிற்கால எல்பி தட்டின் ஊசியை வைத்தால் தட்டும் கெடும், ஊசியும் கெடும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் புதிதாக வரும் பாட்டுக்கும் ஒரு பழக்கம் வையுங்கள். வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும். போனின் ரெக்கார்டரில் பதிந்து, 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் பதிந்தபடியே வந்து சேரும். வயதானவர்களிடம் இதை வற்புறுத்த வேண்டாம், வாய்ஸ் நோட்டே வரட்டும். வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால் அவர்களிடம் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் மூன்று இடங்களில் நகல் இருக்கட்டும்: ஒன்று கூகுள் டிரைவ் மாதிரி இணையத்தில், ஒன்று காரைக்குடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வெளியூர் உறுப்பினர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில். கோப்பின் பெயரில் ஊர், பாட்டு வகை, பாடியவர், ஆண்டு இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு விரிதாளில் பாடியவர் யார், யாரிடம் கற்றார், பிறந்த ஊரா புகுந்த ஊரா, எந்தக் குழந்தைக்குப் பாடியது என்றெல்லாம் எழுதி வையுங்கள். தாலாட்டில் மாமன் பெயரும் ஊர்ப் பெயரும் சீர் வரிசையும் வரும். பத்து வருடம் கழித்து அந்த மாமன் யார் என்று சொல்ல ஆளிருக்காது. இப்போதே கேட்டு எழுதுங்கள்.

ஒப்பாரி தனி. துக்கமில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அதனால் கேட்டவுடன் பாடிக் கொடுக்க மாட்டார்கள், பெரும்பாலான பதிவுகள் உண்மையான சாவு வீட்டில் எடுத்தவை. அந்தக் குடும்பம் சம்மதிக்காமல் அதை யூடியூபில் போடவே கூடாது. சேகரிப்பில் பூட்டி வைத்தால் போதும்.

சம்மதம் என்றதும் சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். பரம்பரைத் தாலாட்டுக்கு உரிமையாளர் யாருமில்லை. ஆனால் பாடியவருக்கு அவர் பாடியதன் மேல் 50 ஆண்டு உரிமை உண்டு. அண்ணன் தன் முயற்சியில் எடுத்த ஒலிப்பதிவின் உரிமை அவருடைய வாரிசுகளுக்குப் போகும். எனவே வாரிசுகளிடம் எழுத்தில் ஒரு அனுமதிக் கடிதம் வாங்குங்கள். அதில் எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அதை ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் என்றே எடுத்துக்கொள்ளும். நம் உறுப்பினர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும்போது அது போதாது. காலத்தையும் 'உலகம் முழுவதும்' என்பதையும் தெளிவாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பதில் போடுகிறவர்

அண்ணன் ஒரு வாரத்தில் என்னென்ன செய்தார் என்று குழுவின் பழைய செய்திகளைப் பார்த்து எழுதுங்கள். புதியவர்களைச் சேர்த்தார், பாட்டுக்குப் பெயர் போட்டார், தேவையில்லாததை நீக்கினார், இரண்டு பேருக்குப் போன் செய்தார், எல்லாப் பாட்டுக்கும் பதில் போட்டார். இதில் கடைசி இரண்டும்தான் குழுவை உயிரோடு வைத்திருந்தன என்பது என் உறுதியான எண்ணம். மற்றதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

எண்பது வயது ஆயா ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே பாடி அனுப்புகிறார். பதினைந்து பேர் பூப்படம் போடுகிறார்கள். அவர் எதிர்பார்ப்பது அதுவல்ல. அண்ணன் இப்படித்தான் கேட்பார்: "ஆயா, மூணாவது கண்ணியில ரங்கூன் மாமன்னு வருதே, அவுக உங்க ஆத்தா கூடப் பிறந்தவுகளா?" அன்று மாலையே ஆயாவிடமிருந்து நீண்ட பதில் வரும், அதோடு இன்னொரு பாட்டும் வரும். பாட்டைக் காதுகொடுத்துக் கேட்ட ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் அடுத்தது வெளியே வரும். பதிலில்லாமல் போன ஆயா இரண்டாவது முறை அனுப்புவதில்லை.

எனவே பதில் போடுவதற்கென்றே இருவரை வையுங்கள். வந்த பாட்டை முழுவதும் கேட்க வேண்டும், அன்றைக்கே பதில் போட வேண்டும், பாட்டுக்குள்ளிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். வேறு எந்த வேலையும் அவர்களுக்குத் தர வேண்டாம். வாட்ஸ்ஆப் வராத பெரியவர்களுக்கு மாதம் ஒருமுறை போன் செய்ய இன்னொருவர். நகல் எடுத்து வைக்க ஒருவர். கணக்குக்கு ஒருவர். யாரையும் 'தலைவர்' என்று அழைக்காமல் இருப்பது நல்லது, இன்னொரு தனியாள் மேல் எல்லாப் பாரமும் ஏறிவிடும்.

பொறுப்புக்கு ஓராண்டு கெடு வையுங்கள். நகரத்தார் கோவில்களில் நிர்வாகம் பார்ப்பவர்கள் முறை வைத்து மாறுவதை இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிவோம். யார் முறையோ அவர் பார்ப்பார், முடிந்ததும் அடுத்தவரிடம் கணக்கை ஒப்படைப்பார். அதே ஏற்பாடு போதும்.

நாள் குறித்தல்

காரைக்குடிக் கம்பன் கழகத்தை சா. கணேசன் 1939-ல் தொடங்கினார். அவர் 1982-ல் மறைந்தார். கம்பன் திருநாள் நிற்கவில்லை. பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியிலும், அத்தத்தன்று கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையிலும் என்று நாள் குறித்தாகிவிட்டது. அந்த நட்சத்திரம் வந்தால் விழா எடுத்தாக வேண்டும், கூட்டத்தைக் கூட்டலாமா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1943-ல் எழுந்த தமிழ் இசைச் சங்கமும், அவர் 1948-ல் மறைந்த பிறகு ஆண்டுதோறும் இசை விழா நடத்தி வருகிறது.

நம் குழுவுக்கும் நாள் குறியுங்கள். வாரத்தில் ஒரு மாலை எல்லாரும் சேர்ந்து கேட்பது. மலேசியா, சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால் இங்கே ஆறரை மணிக்கு வைத்தால் அங்கே ஒன்பது, அவர்களும் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் காவடிப் பாட்டு, மார்கழியில் திருப்பாவை திருவெம்பாவை, பிள்ளையார் நோன்புக்கு நோன்பு வீட்டில் பாடுவது என்று ஆண்டுக் காலண்டரை ஒரே தாளில் எழுதிக் குழுவின் விவரப் பகுதியில் போட்டுவிடுங்கள். நான்கு பேர்தான் வந்தாலும் அந்த மாலையை ஒத்திவைக்காதீர்கள்.

அண்ணனுக்கும் ஒரு நாள் வேண்டும், அவருடைய திதி. அன்று அவர் பதிந்த பாட்டுகளை மட்டும் கேளுங்கள். மற்ற நாட்களில் அவர் படத்தையே போட்டுக்கொண்டிருந்தால் புதிதாக வருகிறவர்களுக்கு அது வேறொருவர் வீட்டுத் துக்கமாகவே தெரியும், பாட மாட்டார்கள்.

பணம், மனஸ்தாபம்

அவருடைய ஜிபே எண்ணுக்கு இனி யாரும் பணம் போடக் கூடாது என்று உடனே அறிவியுங்கள். அந்தக் கணக்கில் இருப்பது நாமினிக்கும் வாரிசுக்கும் போகும், அதில் குழுவின் காசு எவ்வளவு என்று பிரிப்பது சங்கடம். செலவு ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் என்றால் இருவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு போதும். வரவு செலவைத் தை மாதம் குழுவில் போடுங்கள். நன்கொடை பெரிதாக வருகிறது, கருவிகள் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். முதல் ஆண்டிலேயே அதில் இறங்க வேண்டாம்.

"அண்ணன் இருந்தா இப்படி விட்டிருப்பாரா?" என்ற பேச்சு நிச்சயம் வரும். சொல்கிறவர் மேல் கோபப்பட வேண்டாம், அவரும் துக்கத்தில்தான் பேசுகிறார். தனியாகக் கூப்பிட்டு, "சரி, நீங்க எந்த வேலையை எடுத்துக்கிறீங்க?" என்று கேளுங்கள். பலர் எடுத்துக்கொள்வார்கள். சிலர் பிரிந்து வேறு குழு தொடங்குவார்கள், அவர்களுக்கும் பாட்டின் நகலைக் கொடுத்தனுப்புங்கள். இன்னொரு இடத்தில் நகல் இருப்பது நல்லதுதானே.

உங்கள் போனிலும் செய்ய வேண்டியது

இவ்வளவையும் செய்த பிறகு, எல்லாக் கணக்கும் இப்போது உங்கள் எண்ணிலும் உங்கள் ஜிமெயிலிலும் வந்து நின்றிருக்கும். கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எத்தனை மாதம் நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால் யாருக்குச் செய்தி போக வேண்டும், எந்தெந்தக் கோப்புகளை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் குறித்து வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்க முடியும். கூட இருக்கும் இரண்டு அட்மின்களின் பெயரைப் போடுங்கள், காலம் மூன்று மாதம் என்று வையுங்கள். ஃபேஸ்புக்கிலும் உங்களுக்குப் பிறகு உங்கள் கணக்கைக் கவனிக்க 'லெகசி கான்டாக்ட்' என்று ஒருவரை நியமியுங்கள். அதோடு எந்தக் கணக்கு எதில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் யார் வீட்டில் இருக்கிறது, பணம் எந்த வங்கியில் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் பத்திரங்கள் வைக்கும் பெட்டியில் வையுங்கள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமும் குழுவில் ஒருவரிடமும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.